அமெரிக்காவில் ஸ்பீச் தெரபி மாஸ்டர்ஸ்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் இந்தியாவில் பொறியியல் படித்து, கல்யாணமாகி அமெரிக்கா வந்து, முப்பது வயதைத் தாண்டியபின் முதல் பாடத்திலிருந்து தொடங்கி ஸ்பீச் தெரபிஸ்ட் ஆனவள். இப்போது ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் வேலை. பொங்கல் விழா, பிறந்தநாள் விருந்து, தமிழ்ப் பள்ளி வாசல் என்று எங்கே போனாலும் யாராவது ஓரமாக அழைத்துப் போய் "இதுக்கு எப்படி அப்ளை பண்றது?" என்று கேட்கிறார்கள். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், ஒரு முறை சொன்னதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

மாஸ்டர்ஸ் கட்டாயமா அக்கா? பேச்சுலர்ஸ் முடிச்சா வேலை கிடைக்காதா?

கட்டாயம்தான். ஸ்பீச் தெரபிஸ்டாக முழுப் பொறுப்போடு வேலை செய்ய, அங்கீகாரம் பெற்ற மாஸ்டர்ஸ் வேண்டும். ஆஷா என்று எல்லோரும் சொல்லும் அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்புச் சங்கம் (1925-இல் தொடங்கியது, மேரிலாந்தில் ராக்வில்லில் இருக்கிறது) தரும் சிசிசி சான்றிதழ்தான் இந்தத் தொழிலின் பொது முத்திரை. அதற்கு நான்கு படிகள். சிஏஏ என்ற குழு அங்கீகரித்த மாஸ்டர்ஸ். அதற்குள் 400 மணி நேர மருத்துவப் பயிற்சி, அதில் 25 மணி கூடவிருந்து பார்ப்பது, மீதி 375 மணி நீங்களே நோயாளியோடு உட்காருவது. பிராக்சிஸ் தேர்வில் குறைந்தது 162 மதிப்பெண். கடைசியாக, படிப்பு முடிந்ததும் ஒரு மூத்தவரின் கண்காணிப்பில் 36 வாரம், 1,260 மணி நேரம் வேலை. இந்தக் கடைசிப் படியை சிஎஃப் என்பார்கள், இதற்குச் சம்பளம் உண்டு. இதற்கெல்லாம் மேலே நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் தனி.

பேச்சுலர்ஸோடு நின்றால் பல மாநிலங்களில் உதவியாளராக, அதாவது எஸ்எல்பிஏ ஆக வேலை பார்க்கலாம். நல்ல வேலைதான். ஆனால் பரிசோதித்து முடிவு சொல்வதும் சிகிச்சைத் திட்டம் போடுவதும் உங்கள் கையில் இருக்காது.

குழந்தைக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கத்தானே, அதுக்கு எதுக்கு ஆறு வருஷப் படிப்பு?

இதை என் மாமனாரே கேட்டார். உச்சரிப்பு இந்த வேலையில் ஒரு மூலை மட்டும்தான். பக்கவாதம் வந்து வார்த்தை வராமல் தவிப்பவர், பார்க்கின்சன் நோயில் குரல் தேய்ந்து போனவர், திக்குபவர், பேசவே பேசாமல் ஐபேடில் படம் தொட்டு உரையாடும் ஆட்டிசக் குழந்தை எல்லோரும் நம்மிடம்தான் வருகிறார்கள். அப்புறம் விழுங்குதல். மருத்துவமனையில் வேலை செய்யும் ஸ்பீச் தெரபிஸ்டுக்கு நாளின் பெரும்பகுதி இதிலேயே போகும். ஒரு வாய் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரலாம், "இவர் இன்றைக்கு இட்லி சாப்பிடலாமா, கஞ்சி மட்டுமா" என்று சொல்கிறவர் நீங்கள்.

விண்ணப்பிக்கும் முன் இதைப் புரிந்துகொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "எனக்குக் குழந்தைகள் பிடிக்கும்" என்று மட்டும் எழுதிய கட்டுரை, தேர்வுக்குழு மேஜையில் இருக்கும் மற்ற நூறு கட்டுரைகளோடு கலந்துவிடும்.

நான் பிஇ கம்ப்யூட்டர் சயின்ஸ். எனக்கெல்லாம் சீட் தருவாங்களா?

தருவார்கள், எனக்கே தந்தார்கள். ஆனால் நேராகப் போய் உட்கார முடியாது. இந்தத் துறையில் இளநிலை முடித்தவர்கள் ஏற்கெனவே படித்திருக்கும் பாடங்களை நீங்களும் முடித்துவிட்டு வர வேண்டும். ஒலிப்பியல், பேச்சு கேட்பு உறுப்புகளின் உடற்கூறு, குழந்தைகளின் மொழி வளர்ச்சி, செவியியல் அறிமுகம், பேச்சு அறிவியல், நரம்பு உடற்கூறு என்று ஆறேழு எட்டு பாடங்கள் வரும். லெவலிங் என்றோ போஸ்ட் பேக் என்றோ சொல்வார்கள். யூட்டா ஸ்டேட், லாங்வுட் போன்ற பல்கலைக்கழகங்கள் இவற்றை ஆன்லைனிலேயே நடத்துகின்றன. ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்தது என்று சில இடங்களில் கட்டுப்பாடு உண்டு, ஒரே செமஸ்டரில் அள்ளிக்கொண்டு முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு வருஷம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஒன்றரை.

இன்னொரு வழியும் இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் வேறு துறையினருக்காகவே மூன்று வருஷ மாஸ்டர்ஸ் வைத்திருக்கின்றன, முதல் வருஷம் இந்தப் பாடங்கள். சேர்க்கை ஒரே தடவையில் முடிந்துவிடும் என்பது நிம்மதி. ஆனால் அந்த முதல் வருஷத்துக்கும் மாஸ்டர்ஸ் விலை கொடுக்க வேண்டி வரலாம், கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்த வழியானாலும் ஒரு வேலையை முதலில் செய்துவிடுங்கள். நீங்கள் நினைத்திருக்கும் ஐந்தாறு பல்கலைக்கழகங்களும் கேட்கும் பாடங்களை ஒரு எக்செல் தாளில் போட்டுப் பாருங்கள். ஒருவர் கேட்பதை இன்னொருவர் கேட்பதில்லை. நான் இதைச் செய்யாமல், யாருமே கேட்காத ஒரு பாடத்துக்குப் பணம் கட்டிப் படித்தேன்.

பயாலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வேற கேக்கறாங்களே, பிஇல படிச்ச ஃபிசிக்ஸ் செல்லுமா?

மேலே சொன்ன லெவலிங் பாடங்கள் வேறு, இவை வேறு. சிசிசிக்கு நான்கு அடிப்படைப் பாடங்கள் வேண்டும்: உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல் (உளவியல் போல). பிஇ முதல் வருஷ இயற்பியலை வழக்கமாக ஏற்றுக்கொள்வார்கள், முடிவு பல்கலைக்கழகத்துடையது. உயிரியலில் ஒரு சூட்சுமம், அது மனிதர் அல்லது விலங்கு சார்ந்ததாக இருக்க வேண்டும், தாவரவியல் ஆகாது. புள்ளியியல் தனிப் பாடமாக இருக்க வேண்டும், "ஆராய்ச்சி முறைகள்" பாடத்துக்குள் இரண்டு அத்தியாயம் வந்தது என்றால் போதாது. விடுபட்டதைப் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் படியுங்கள். அங்கே மலிவு.

எப்போ ஆரம்பிக்கணும்? அந்த ஒரே அப்ளிகேஷன் விஷயம் என்னது?

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சிஎஸ்டிகேஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தைப் பயன்படுத்துகின்றன. கோடையில் திறக்கும். கடைசித் தேதிகள் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவே குவியும். பதில் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வரும், வகுப்பு அந்த ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில். ஆக, வகுப்பில் உட்காரும் நாளிலிருந்து ஒரு முழு வருஷம் பின்னால் போய் வேலையைத் தொடங்குங்கள். தளத்துக்குக் கட்டும் கட்டணம் தவிர, பல பல்கலைக்கழகங்கள் தங்கள் கிராஜுவேட் ஸ்கூல் விண்ணப்பத்தையும் தனியாகக் கேட்கும், அதற்கும் தனிக் கட்டணம். கலிஃபோர்னியாவில் கால் ஸ்டேட் வளாகங்கள் என்றால் கால் ஸ்டேட் அப்ளை என்ற தளமும் உண்டு.

நீங்கள் கல்லூரியில் படித்த ஒவ்வொரு பாடத்தையும் ஒவ்வொன்றாகக் கையால் உள்ளிட வேண்டும். எரிச்சலான வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கே ஒதுக்கிவிடுங்கள். இந்தியப் பட்டம் என்றால் வெஸ் போன்ற அமைப்பிடம் பாடவாரி மதிப்பீடு வாங்க வேண்டும், அதற்கு உங்கள் கல்லூரி மூடி முத்திரையிட்ட உறையிலோ மின்வழியிலோ மதிப்பெண் பட்டியல் அனுப்ப வேண்டும். நான் படித்த கல்லூரி அதற்கு எடுத்துக்கொண்டது இரண்டு மாதம், நடுவில் என் அப்பா மூன்று தடவை நேரில் போய் நின்றார். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள். விண்ணப்பத்தை அனுப்பினால் போதுமா, தளம் சரிபார்த்து முடித்திருக்க வேண்டுமா என்பதும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சரிபார்க்க வாரக்கணக்கில் ஆகலாம்.

என் ஜிபிஏ 3.2 தான். விட்டுடலாமா?

வேண்டாம். சேர்பவர்களின் சராசரி பல இடங்களில் 3.6, 3.7 என்று இருப்பதால் எளிது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜிபிஏ என்பது ஒரே எண் இல்லை. மொத்த ஜிபிஏ, கடைசி 60 க்ரெடிட்டின் ஜிபிஏ, இந்தத் துறைப் பாடங்களின் ஜிபிஏ என்று தனித்தனியாகப் பார்க்கும் குழுக்கள் நிறைய. பதினெட்டு வயதில் வேதியியலில் வாங்கிய சி-யை விட, போன வருஷம் நரம்பு உடற்கூறில் வாங்கிய ஏ-வுக்கு மரியாதை அதிகம்.

பழைய பாடத்தை மறுபடி எழுதி மதிப்பெண்ணை அழித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சிஎஸ்டிகேஸ் இரண்டு தடவை வாங்கியதையும் சேர்த்துத்தான் கணக்கிடும். அந்தப் பணத்தில் புதிய பாடம் எடுத்து ஏ வாங்குவது மேல். இந்தியாவில் படித்தவர்களுக்கு ஒரு ஆறுதல், "எனக்கு 65 சதவீதம்தான்" என்று தலை குனிந்து வந்தவர்களுக்கு வெஸ் மதிப்பீட்டில் எதிர்பாராத நல்ல ஜிபிஏ வந்ததைப் பார்த்திருக்கிறேன். மதிப்பீடு கைக்கு வரும்வரை உங்களை நீங்களே ஃபெயில் ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

ஜிஆர்இ?

இந்த நுழைவுத் தேர்வை 2020-க்குப் பிறகு ஏராளமான இடங்கள் கைவிட்டுவிட்டன. உங்கள் பட்டியலில் கேட்பது ஒன்றே ஒன்று என்றால் அந்த ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுங்கள். மூன்று மாதம் மிச்சம்.

எத்தனை காலேஜுக்குப் போடணும்? பெரிய பேர் உள்ள இடமாப் பாக்கணுமா?

நான் அழுத்திச் சொல்ல நினைக்கும் ஒன்று இதுதான். எங்கே படித்தாலும் கடைசியில் கிடைப்பது அதே சிசிசி. என் டிஸ்ட்ரிக்டில் சம்பளம் போடுகிறவர் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, அனுபவ வருஷத்தையும் க்ரெடிட் எண்ணிக்கையையும்தான் பார்க்கிறார். முனைவர் பட்டம், ஆராய்ச்சி என்று போக நினைப்பவருக்கு மட்டும் பெயரும் பேராசிரியரும் முக்கியம். மற்றவர்கள் தரவரிசைப் பட்டியலை மூடி வையுங்கள்.

அதற்குப் பதிலாக ஆஷாவின் எட்ஃபைண்ட் தேடல் பக்கத்தைத் திறங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, சேர்ந்தவர்களின் ஜிபிஏ என்ன என்று அங்கே இருக்கும். ஒரு வகுப்பில் முப்பது சொச்சம் பேர்தான் இருப்பார்கள். இடம் ஏன் இவ்வளவு குறைவு என்று கோபம் வரும். வகுப்பறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மாணவரையும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், அங்கே சிசிசி உள்ள ஒருவர் சொந்த வேலையோடு கூடவே மேற்பார்வை பார்க்க வேண்டும். அப்படிச் சம்மதிப்பவர்கள் கிடைக்கும் அளவுக்குத்தான் சீட். அதனால் துறைக்கு மின்னஞ்சல் எழுதும்போது இதைக் கேளுங்கள்: "பயிற்சி இடத்தை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா, நான் தேட வேண்டுமா? பெரியவர்களுக்கான மருத்துவமனைப் பயிற்சி எல்லோருக்கும் கிடைக்கிறதா?" பதில் மழுப்பலாக வந்தால் உஷார்.

எண்ணிக்கை என்றால் ஆறிலிருந்து பத்து. அதில் குறைந்தது இரண்டு, உங்கள் ஜிபிஏ அங்குள்ள சராசரிக்கு மேலே இருக்கும் இடமாக இருக்கட்டும். அத்தனையும் கடற்கரைப் பெருநகரங்களில் போட்டுவிட்டு "எங்கேயும் கிடைக்கலை" என்று வந்தவர்கள் உண்டு.

ஆன்லைன் மாஸ்டர்ஸ்னா மதிப்பு இருக்குமா?

சிஏஏ அங்கீகாரம் இருந்தால் நேரில் படித்த பட்டத்துக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு. நியூயார்க் பல்கலைக்கழகமே ஆன்லைனில் நடத்துகிறது. ஆனால் பயிற்சியை முழுக்க ஆன்லைனில் முடிக்க முடியாது, பெரும்பகுதியை உங்கள் ஊரில் நேரில் போய்த்தான் செய்ய வேண்டும், மேலே சொன்ன "யார் ஏற்பாடு செய்வது" கேள்வி இங்கே இரண்டு மடங்கு முக்கியம். உங்கள் மாநிலத்தவரைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். விலையும் பாருங்கள், ஆன்லைன் என்றால் மலிவு என்று நினைத்தவர்களுக்கு நெஞ்சு வலிக்கும்.

பரிந்துரைக் கடிதம் யார்கிட்ட கேப்பேன்? ஆன்லைன்ல படிச்சேன், புரொஃபசருக்கு என் முகமே தெரியாது.

பெரும்பாலும் மூன்று கடிதம், அதில் குறைந்தது இரண்டு உங்களுக்குப் பாடம் நடத்தியவர்களிடமிருந்து. முகம் தெரிய வேண்டும் என்றால் முகத்தைக் காட்டத்தான் வேண்டும். செமஸ்டரின் மூன்றாவது வாரத்திலேயே இணையவழி அலுவலக நேரத்துக்குப் போங்கள், கேமராவைப் போடுங்கள், பாடத்தில் உண்மையாகவே புரியாத ஒன்றைக் கேளுங்கள். நம் ஊர் வளர்ப்பில் ஆசிரியரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஊறிப்போயிருக்கும், நான் முதல் செமஸ்டர் முழுக்க ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, கடைசியில் கடிதம் கேட்டபோது அந்தப் பேராசிரியர் "எந்த வகுப்பில் இருந்தீர்கள்?" என்றார். நியாயம்தான்.

கேட்கும்போது குறைந்தது ஆறு வாரம் அவகாசம் கொடுங்கள். உங்கள் மதிப்பெண், நீங்கள் எழுதிய நல்ல கட்டுரை ஒன்று, விண்ணப்பிக்கும் இடங்களின் பட்டியல், தேதிகள் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் வையுங்கள். மூன்றாவது கடிதம் வேலை இடத்து மேலாளராகவோ, நீங்கள் தன்னார்வமாக உதவிய இடத்தவராகவோ இருக்கலாம். தமிழ்ச் சங்கத் தலைவர், குடும்ப நண்பரான டாக்டர் எல்லாம் வேண்டாம்.

என் பையனுக்கே ஆட்டிசம். அதைப் பத்தித்தான் கட்டுரை எழுதலாம்னு இருக்கேன், சரியா?

எழுதலாம், ஆனால் கால் பக்கத்தோடு நிறுத்துங்கள். குழுவில் இருப்பவர்கள் உங்கள் வலியைப் புரிந்துகொள்வார்கள். ஆனால் அவர்கள் தேர்ந்தெடுப்பது மகனின் கதையை அல்ல, நாளைக்கு வேறொருவரின் மகனோடு உட்காரப் போகிறவரை. அதனால் "அவன் ஆறு வயதில் முதல் வார்த்தை சொன்னான், நான் அழுதேன்" என்பதோடு முடிக்காமல், அன்றைக்கு அந்த தெரபிஸ்ட் என்ன செய்தார், நீங்கள் எதைக் கவனித்தீர்கள், பிறகு அதே விஷயத்தை வகுப்பில் படித்தபோது என்ன புரிந்தது என்று எழுதுங்கள். ஒரே ஒரு காட்சி, அதில் நுணுக்கம். "சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவுவதில் ஆர்வம்" என்ற வாக்கியத்தை எங்கே கண்டாலும் வெட்டுங்கள்.

சில இடங்களில் கட்டுரைக்கு மேலே வீடியோ நேர்முகமும் உண்டு. திரையில் கேள்வி வரும், அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ யோசிக்கத் தருவார்கள், அப்புறம் உடனே பதிவு ஆரம்பித்துவிடும். எதிரில் தலையாட்ட மனிதர் இல்லாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிய, வீட்டில் போனை வைத்துப் பத்துத் தடவை பேசிப் பாருங்கள்.

எனக்குத் தமிழ் வாடை அடிக்கிற இங்கிலீஷ். மத்தவங்க பேச்சைத் திருத்த என்னை விடுவாங்களா?

விடுவார்கள். ஆஷா 1998-லேயே இதைப் பற்றித் தன் நிலைப்பாட்டை எழுதி வைத்துவிட்டது. உச்சரிப்புச் சாயலை வைத்து யாரையும் படிப்பிலிருந்தோ தொழிலிலிருந்தோ ஒதுக்கக் கூடாது, தேவையான திறன் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குழந்தைக்குக் காட்ட வேண்டிய ஒலியை நீங்கள் தெளிவாகச் செய்து காட்ட முடிய வேண்டும், அவ்வளவே. நம்மவர்களுக்கு வழுக்கும் இடங்கள் 'வி'யும் 'டபிள்யூ'வும், 'ஸெட்' ஒலி, நாக்கைப் பல்லுக்கிடையில் வைக்கும் 'தி'. ஒலிப்பியல் பாடத்தில் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் படிக்கும்போது தானாகவே பிடிபடும்.

திக்குவாய் உள்ளவர்களும் இதையே கேட்கிறார்கள். திக்குவாய் ஆராய்ச்சியில் பெரிய பெயரான சார்லஸ் வான் ரைப்பரே திக்கியவர்தான். தயங்காதீர்கள்.

அப்போ தமிழ் தெரிஞ்சது ஒரு பிளஸ்ஸா?

சந்தேகமே வேண்டாம், விண்ணப்பத்தில் ஒளித்து வைக்காதீர்கள். அமெரிக்காவின் ஐடியா சட்டப்படி, சிறப்புக் கல்விக்கான பரிசோதனையை, முடிந்தவரை, குழந்தையின் சொந்த மொழியில் செய்ய வேண்டும். தமிழ் மட்டும் பேசும் பாட்டியிடம் வளர்ந்த நாலு வயதுப் பையன் ஆங்கிலத்தில் 'ஸூ' (zoo) என்பதை 'ஜூ' என்று சொன்னால் அது கோளாறு இல்லை, அவன் வீட்டு மொழியில் அந்த ஒலி இல்லை. 'வாழைப்பழம்' வாயில் 'வாலப்பலம்' ஆனாலும் பயமில்லை, ழகரம் தாமதமாக வரும், சில பெரியவர்களுக்கே வந்தபாடில்லை. உண்மையான கோளாறு என்றால் இரண்டு மொழியிலும் தெரியும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவது சிரமம்.

"வீட்டில் தமிழை நிறுத்துங்கள், குழப்பம் ஆகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தாய்மொழியை விட்ட குடும்பங்கள் உங்களுக்கே தெரிந்திருக்கும். இருமொழி பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. இந்த அனுபவம் உங்களிடம் இருந்தால் கட்டுரைக்கு அதைவிடச் சிறந்த காட்சி கிடையாது.

மொத்தம் எவ்வளவு ஆகும்? கடன் வாங்கிப் படிக்கலாமா?

வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கும் இடையே இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். நியூயார்க்கில் வசிப்பவர் என்றால் சிட்டி பல்கலைக்கழகத்தின் ப்ரூக்ளின், ஹன்டர், லேமன், குயின்ஸ் கல்லூரிகளைப் பார்க்காமல் வேறெங்கும் பார்க்காதீர்கள். 2024 மே கணக்குப்படி ஸ்பீச் தெரபிஸ்டுகளின் நடுமதிப்புச் சம்பளம் வருஷத்துக்கு 95,410 டாலர். நல்ல சம்பளம், ஆனால் ஒன்றரை லட்சம் டாலர் கடனைச் சுமக்கும் சம்பளம் இல்லை. பள்ளிகளில் தொடக்கச் சம்பளம் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

மத்திய அரசுக் கடன் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்கள் போன்ற சிலருக்கும்தான். அதிலும் 2025-இல் வந்த சட்டத்தால், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் கடன் கிடையாது, சாதாரண மாஸ்டர்ஸுக்கு வருஷத்துக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் என்று உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் தனியார் கடன்தான், வட்டியை விசாரித்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியிலோ லாப நோக்கமற்ற மருத்துவமனையிலோ வேலை பார்த்து, தகுதியான 120 மாதத் தவணை கட்டினால் மீதி மத்தியக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறது, தனியார் கடனுக்கு அது பொருந்தாது.

நான் சென்னையில பிஏஎஸ்எல்பி முடிச்சிருக்கேன். திரும்பவும் முதல்லேருந்தா?

முதலிலிருந்து இல்லை. பிஏஎஸ்எல்பி இந்தியாவில் இதே துறையின் இளநிலைப் பட்டம் என்பதால் லெவலிங் பாடங்களில் பெரும்பகுதி உங்களுக்கு முடிந்துபோன விஷயம், வெஸ் மதிப்பீட்டோடு பாடத்திட்ட விவரத்தையும் அனுப்பினால் துறை பார்த்துச் சொல்லும். ஆனால் மாஸ்டர்ஸ் வேண்டும். இந்தியாவில் செய்த பயிற்சி மணிகளைப் பற்றி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மேற்பார்வை செய்தவருக்கு சிசிசி இருந்தால்தான் அந்த மணி 400-இல் சேரும், அதனால் பெரும்பாலும் சேராது. ஆஷாவுக்குப் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் சங்கங்களோடு பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் உண்டு, இந்தியா அதில் இல்லை. அதன் முதுநிலையான எம்ஏஎஸ்எல்பியே முடித்தவர் என்றால் இன்னொரு மாஸ்டர்ஸில் சேரும் முன், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான வழியைப் பற்றி ஆஷாவுக்கே எழுதிக் கேளுங்கள்.

எச்4ல இருக்கேன், படிக்கலாமா? எஃப்1க்கு மாறணுமா?

எச்4-இல், அதாவது எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசாவில், முழுநேரமாகப் படிக்கலாம். மாட்டிக்கொள்ளும் இடம் படிப்பு முடிந்த பிறகு. முதல் பதிலில் சொன்ன சிஎஃப் என்பது சம்பளத்தோடு கூடிய வேலை. வேலை அனுமதி இல்லாத எச்4-இல் அதைச் செய்ய முடியாது, மாஸ்டர்ஸ் கையிலிருந்தும் சும்மா உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். கணவருக்கோ மனைவிக்கோ கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதல் ஆகி உங்களுக்கு வேலை அனுமதி வந்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

எஃப்1 என்ற மாணவர் விசாவில் படித்தால், படிப்புக்குப் பின் வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதி 12 மாதம். இந்தப் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகள்) பட்டியலில் இல்லாததால் கூடுதல் இரண்டு வருஷம் கிடையாது. சிஎஃப் சுமார் ஒன்பது மாதம், ஓபிடிக்குள் முடித்துவிடலாம், ஆனால் நடுவில் வேலை தேடி மூன்று மாதம் வீணாக்க இடமில்லை. பிறகு எச்1பி என்றால் குலுக்கல். பல்கலைக்கழகத்தோடு இணைந்த லாப நோக்கமற்ற மருத்துவமனை போன்ற இடங்களுக்குக் குலுக்கல் கிடையாது, அவற்றை முதலில் பாருங்கள். ஸ்பீச் தெரபிஸ்டுகளுக்கு விசாஸ்கிரீன் என்ற தனிச் சான்றும் தேவைப்படும், அமெரிக்காவிலேயே படித்திருந்தாலும். விசா விஷயத்தில் என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம், சேரும் முன் அனைத்துலக மாணவர் அலுவலகத்திலும் ஒரு வழக்கறிஞரிடமும் கேளுங்கள்.

ஒரு காலேஜ் அங்கீகாரத்துக்கு "கேண்டிடேட்"னு போட்டிருக்கு. சேர்ந்தா மாட்டிக்குவேனா?

புதிதாகத் தொடங்கிய படிப்புகளுக்கு முதலில் கிடைப்பது இந்த நிலை. இதில் படித்து முடித்தவரும் சிசிசிக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்கள் குறைவாக வரும் என்பதால் ஜிபிஏ சுமாராக இருப்பவர்கள் இவற்றைத் தேடிப் போகலாம் என்றே சொல்வேன். ஆனால் எந்த நிலையும் இல்லாமல் "விரைவில் அங்கீகாரம் பெறவுள்ளோம்" என்று மட்டும் சொல்லும் இடம் என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

எல்லா இடத்துலயும் ரிஜெக்ட், ஒண்ணுல மட்டும் வெயிட்லிஸ்ட். இப்ப என்ன பண்றது?

முதலில், வெயிட்லிஸ்ட் என்பது மரியாதையான "இல்லை" அல்ல. நிறைய இடங்கள் பதில் சொல்ல ஏப்ரல் 15-ஐக் கெடுவாக வைக்கின்றன. அன்றைக்கு மூன்று நான்கு இடம் கையில் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடும்போது பட்டியல் நகரும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அழைப்பு வந்து, வீடு பார்க்கக்கூட நேரமில்லாமல் கிளம்பிப் போனவர் உண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள்: இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், இந்த செமஸ்டரில் இன்ன மதிப்பெண் வந்திருக்கிறது, அழைத்தால் வருவேன். ஒரே ஒரு தடவை, வாராவாரம் வேண்டாம். நீங்கள் மறுபக்கத்தில், பல இடம் கையில் உள்ளவர் என்றால், வேண்டாததைச் சீக்கிரம் விடுங்கள். எங்கோ ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அதுவும் வரவில்லை என்றால், இரண்டு மூன்று துறைகளுக்கு எழுதி என் விண்ணப்பத்தில் எது பலவீனம் என்று கேளுங்கள். எல்லோரும் பதில் சொல்லமாட்டார்கள், சொல்பவர் சொன்னது தங்கம். அந்த வருஷத்தில், உங்கள் மாநிலம் அனுமதித்தால், எஸ்எல்பிஏ வேலை பாருங்கள். இதற்கான தகுதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அடுத்த முறை உங்கள் கட்டுரை தானாகவே மாறியிருக்கும், பரிந்துரைக் கடிதத்துக்கும் நேரில் பார்த்த ஒருவர் கிடைத்திருப்பார். பட்டியலை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு அதே எட்டு இடத்துக்குத் திரும்பப் போடாதீர்கள்.

எனக்கு 44 ஆச்சு. சின்னப் பசங்க நடுவுல உக்காந்தா சிரிக்க மாட்டாங்களா?

முதல் வாரம் உங்களைப் பேராசிரியர் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிடுவார்கள், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. வயதைக் கேட்டு யாரும் சீட்டை மறுப்பதில்லை. உடம்புக்குத்தான் கஷ்டம், பகலில் பயிற்சி, மாலையில் வகுப்பு, இரவில் அறிக்கை, நடுவில் பிள்ளையின் கராத்தே வகுப்பு. வீட்டில் சமையலை யார் பார்ப்பது என்பதைச் சேரும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், செமஸ்டர் நடுவில் அந்தப் பேச்சு வேண்டாம்.

என் வகுப்பில் மூத்தவருக்கு 51 வயது. பிராக்சிஸுக்கு முந்தின இரவு எங்களுக்கெல்லாம் அவர்தான் போன் பண்ணி "சாப்பிட்டாயா, போய்த் தூங்கு" என்றார். இப்போது முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் விழுங்குதல் சிகிச்சை பார்க்கிறார். என்னிடம் வாயை இறுக மூடிக்கொள்ளும் தாத்தாக்கள் அவரிடம் மட்டும் திறக்கிறார்கள்.